கும்பகோணத்தில் அரைக் கிண்ணம் சுண்டல்!

கும்பகோணத்துக்குப் போகிறவர்கள் இரண்டு விதம். கோயில்களுக்காகப் போகிறவர்கள் ஒரு விதம். டிகிரி காபிக்காகவும் கடப்பாவுக்காகவும் போய்விட்டு, "கோயிலுக்குத்தான் போனோம்" என்று சொல்கிறவர்கள் இன்னொரு விதம்! 2024 நவராத்திரிக்கு நானும் என் தங்கையும் போனது இந்த இரண்டிலும் சேராது. நாளொன்றுக்கு 60 கிராம் புரதச் சத்தைத் தேடிக்கொண்டே நாங்கள் ஊர் சுற்றினோம்.

தங்கைக்கு அப்போது ஆபரேஷன் ஆகி நாலு மாசம். எடையைக் குறைப்பதற்காகச் செய்கிற ஆபரேஷன். 104 கிலோ இருந்தாள். சர்க்கரை, முழங்கால் வலி, ராத்திரி தூக்கத்தில் மூச்சு அடைப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே வந்தது. பட்டினி கிடந்தும் நடந்தும் பார்த்து, கடைசியில்தான் டாக்டர் சொன்னதற்குச் சம்மதித்தாள். இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல நீளமான குழாயாக்கி விடுகிறார்கள். 'ஸ்லீவ்' என்று பெயர். சட்டைக் கையாம்!

அதற்கப்புறம் ஒரு வேளைக்கு உள்ளே போவது அரைக் கிண்ணம்தான். வயிறு சுருங்கிவிட்டதே தவிர, உடம்பின் தேவை சுருங்கவில்லை. இப்படி ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். சிலருக்கு 80 கிராம் வரைகூடத் தேவைப்படும். கிடைக்காவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். எடை இறங்குகிறதே என்று நாம் சந்தோஷப்பட்டுக் கொண்டிருப்போம், இறங்குவது கொழுப்பு மட்டுமாக இருக்காது! தங்கைக்கு ரத்தத்தில் புரதம் குறைந்திருந்தது. தலை வாரினால் சீப்பு நிறைய முடி. "இப்படியே போனால் மாடி ஏறக்கூடத் தெம்பு இருக்காது" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். முட்டை சாப்பிட்டால் சுலபம், ஒன்றில் 6 கிராம் இருக்கிறது. நாங்கள் முட்டை சேர்க்காத குடும்பம்.

இந்த நிலையில் பிரயாணம் தேவையா என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். "வாழ்நாள் பூரா வீட்டுக்குள்ளேயே அளந்து சாப்பிட்டுக்கிட்டு உட்கார முடியுமா அக்கா?" என்றாள். அதுவும் நியாயம்தானே?

காவிரியோரம்

கோவையிலிருந்து காலையில் கிளம்புகிற ஜனசதாப்தி ரயிலில் ஏறினால், மதியச் சாப்பாட்டு வேளைக்குக் கும்பகோணம். போகும்போது இடது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் விடாதீர்கள்! கரூர் தாண்டித் திருச்சி வரைக்கும் வாழைத் தோப்புக்கும் தென்னைக்கும் நடுவே காவிரி கூடவே வருவாள்.

தங்கையின் பையில் ஒரு பிளாஸ்க் பால், ஒரு டப்பா பொட்டுக்கடலை, நெய்யில் லேசாகப் புரட்டிய பனீர் துண்டுகள். புரத மாவு தனிப் பொட்டலமாக. ரயிலில் வடையும் சமோசாவும் வரும் போகும், அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு துண்டு பனீரை வாயில் போட்டு, கூழாகும் வரை மென்று, விழுங்கி, கொஞ்சம் பொறுத்துத்தான் அடுத்த துண்டு. பனீர் 50 கிராமில் சுமார் 9 கிராம் புரதம். அதைச் சாப்பிட்டு முடிக்கவே குளித்தலை தாண்டிவிட்டது!

அத்தை வீட்டு இலை

அத்தைக்கு ஆபரேஷன் சமாசாரம் தெரியாது. "சொல்லாதே அக்கா, 'குறுக்கு வழியில் இளைச்சா'ன்னு பேசுவாங்க" என்று தங்கை என்னிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

"அடி சின்னவளே, எப்படி இளைச்சுட்டே!" என்று வாசலிலேயே கட்டிக்கொண்ட அத்தை, நேராக இலையைப் போட்டுவிட்டார். தஞ்சாவூர்ப் பக்கத்து இலையைக் கவனித்திருக்கிறீர்களா? முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், ரசம், கடைசியில் மோர். தங்கை போன்றவர்களுக்கு இந்த வரிசையில் முதல் வரி ரொம்பச் சரி. அதோடு ஒரு திருத்தம் வேண்டும்: பருப்பை மட்டும் கெட்டியாகக் கேட்டு வாங்கி அதை முதலில் சாப்பிட வேண்டும். அடுத்தது கூட்டு, கெட்டித் தயிர். சாதம் கடைசியில், இடமிருந்தால் ஒரு பிடி. ரசத்தை முதலில் குடித்தால் வயிறு நிறைந்துவிடும். புரதத்துக்கு அங்கே இடமிருக்காது. தண்ணீரும் அப்படியே, சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான்.

தங்கை அப்படியே செய்தாள். அத்தை முகம் வாடிவிட்டது. "என்னடி இது, கோழி கொத்தற மாதிரி? சமையல் நல்லா இல்லையா?"

சுவாமிமலைப் படிகள்

மறுநாள் காலையில் உறவுக்காரர் வீடுகள். மூன்று வீட்டிலும் கேசரி, முறுக்கு, காபி. காரணம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, எல்லார் வீட்டிலும் இரண்டு ஸ்பூன் கேசரியும் இரண்டு வாய் காபியுமாகத் தங்கை சமாளித்தாள். நெஞ்சு படபடப்பு, வியர்வை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு இனிப்பு சிலருக்கு அப்படித்தான் செய்யும். வயிறும் நிறைந்துவிட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் அவளுக்குக் கிடைத்த புரதம் 10 கிராம் தேறியிருக்காது.

சாயங்காலம் சுவாமிமலை. தகப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளை இருக்கிற மலை. தமிழ் வருஷங்கள் அறுபதும் அங்கே படிகளாக இருக்கின்றன. 104 கிலோவாக இருந்தபோது ஒரு தடவை வந்து, கீழேயே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்பியவள் அவள். இந்தத் தடவை ஏறியே தீருவேன் என்று ஏறினாள். பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். கை சில்லிட்டிருந்தது.

அத்தை பதறிப்போனார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஐந்து நிமிஷம் கழித்துத் தெளிந்ததும், அந்தப் படியிலேயே தங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அத்தை என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்கு உதறல்.

"இதைச் சொல்றதுக்கு என்னடி வெட்கம்? எனக்குக் கண்ணுல புரை எடுத்தப்போ தெரு பூரா சொன்னேனே! வயித்துல எடுத்தா சொல்லக் கூடாதா? எத்தனை கிராம் வேணும்னே?"

"60 அத்தை."

"பவுனைக் கிராம் கணக்குல பார்த்தவ நான். பருப்பைப் பார்க்க மாட்டேனா? எழுந்திரு."

அன்று மிச்சப் படி ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம்.

சுண்டல் கணக்கு

அதற்கப்புறம் அத்தையின் சமையலறை எங்கள் கட்சி! நவராத்திரி என்றால் தினம் ஒரு சுண்டல். பச்சைப் பயறு, காராமணி, கொண்டைக் கடலை, பட்டாணி, மொச்சை. நம் பாட்டிமார் அம்பாளுக்கு நைவேத்தியம் செய்ததெல்லாம் புரதம்தான். அரைக் கிண்ணம் சுண்டலில் சுமார் 6 கிராம் இருக்கிறது. ராத்திரி பூரா ஊறவைத்து, நசுக்கினால் மாவாகும்படி வேகவிட வேண்டும். ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் நீர் ஆகாரமும் மசித்ததும்தான். முழுப் பயறெல்லாம் டாக்டர் அனுமதித்த பிறகு. அப்போதும் தோல் மெல்லிய பயறில் ஆரம்பிப்பது நல்லது. கொண்டைக் கடலை கொஞ்சம் முரடு.

கொலுவுக்குக் கூப்பிட்ட வீடுகளில் கொடுத்த சுண்டல் பொட்டலங்களை அத்தை அங்கேயே பிரிக்க விடவில்லை. வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் அளந்துதான் கொடுப்பார். (தேங்காய் போட்டது ராத்திரி தாண்டினால் ஊசிவிடும். மிச்சம் எங்களுக்கு!)

கும்பகோணம் கடப்பாவையும் சொல்லியாக வேண்டும். பயத்தம் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, சோம்பு மணக்க இட்லிக்குச் செய்கிற தொட்டுகை. இட்லி ஒன்றில் சுமார் 2 கிராம் புரதம்தான். அத்தை உருளையைக் குறைத்து, பருப்பைக் கூட்டி, கெட்டியாகச் செய்தார். அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற சத்து பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவதை அரிசி ஈடுகட்டும். இட்லியும் கடப்பாவும் பொருத்தமான ஜோடிதான்!

அத்தை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு இது:

காலை 6.30 – ஒரு டம்ளர் பாலில் (200 மி.லி.) புரத மாவு ஒரு கரண்டி, அரைமணி நேரமாகச் சிறுகச் சிறுக: 26 கிராம்

8.30 – ஒரு இட்லி, கெட்டிக் கடப்பா: 6 கிராம்

11 – பொட்டுக்கடலை ஒரு சின்னக் கைப்பிடி (25 கிராம்): 5 கிராம்

மதியம் 1 – பனீர் 50 கிராம், கெட்டிப் பருப்பு நாலு ஸ்பூன், சாதம் ஒரு பிடி: 12 கிராம்

மாலை 5 – சுண்டல் அரைக் கிண்ணம்: 6 கிராம்

இரவு 8 – சின்ன அடையில் பாதி, கெட்டித் தயிர்: 5 கிராம்

ஆக மொத்தம் 60! மாவு இல்லாமல் சைவத்தில் இந்தக் கணக்கை எட்டுவது, அதுவும் முதல் மாசங்களில், கஷ்டம். எந்த மாவு, எத்தனை கரண்டி என்பதை உங்கள் டாக்டரும் டயட்டீஷியனும்தான் சொல்ல வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு.

தாராசுரம்

இரண்டு நாள் இப்படிச் சாப்பிட்ட பிறகு தாராசுரம் போனோம். ஊரிலிருந்து சுமார் 4 கிலோ மீட்டர்தான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேஸ்வரர் கோயில். 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குதிரைகள் இழுக்கிற கல் தேர் மாதிரி மண்டபம். விரலளவுச் சிற்பங்கள்! ஒரே தலையை யானையும் காளையும் பங்கு போட்டுக்கொள்கிற சிற்பத்தைத் தங்கை கையால் மறைத்து மறைத்துப் பார்த்து, குழந்தை மாதிரி சிரித்தாள். சரியாக 11 மணிக்குத் திண்ணை நிழலில் டப்பாவைத் திறந்து பொட்டுக்கடலை. யார் பார்த்தால் என்ன என்று உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒன்றரை மணி நேரம் சுற்றியும் தள்ளாட்டம் இல்லை.

பெரிய கடைத் தெருப் பாத்திரக் கடையில் தனக்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணமும் வாங்கிக்கொண்டாள். தண்ணீர் ஊற்றி அளந்து பார்த்துத்தான் வாங்கினாள். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை!

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மறுபடியும் சுவாமிமலை. நடுவில் இரண்டு தடவை நின்றாள். அட்சய வருஷப் படி வரைக்கும் ஏறினாள்.

உங்கள் வீட்டிலும் இருந்தால்...

இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண் உங்கள் வீட்டில் இருந்தால், பிரயாணத்துக்குப் பயப்பட வேண்டாம். கூட வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். வயிற்றில் இடமிருக்கிற முதல் வாய் புரதத்துக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் தண்ணீரைச் சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த விட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளைப் பையில் மேலாக வையுங்கள், ஊருக்குப் போனாலும் அதற்கு லீவு கிடையாது. வாந்தி விடாமல் இருந்தாலோ, மயக்கம் தொடர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிதான். ஓட்டலில் கடப்பா எல்லா நாளும் கிடைப்பதில்லை, முதலிலேயே கேட்டுக்கொண்டு போங்கள்.

ஊர் திரும்பி ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, தங்கையின் ரத்தத்தில் புரதம் சரியான அளவுக்கு வந்திருந்தது. முடி இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. கொஞ்ச மாசத்தில் நின்று, திரும்ப வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அத்தை ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பண்ணி, "இன்னிக்கு எத்தனை கிராம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். 12 வருஷத்துக்கு ஒரு முறை வருகிற மகாமகம் கடைசியாக 2016-ல் வந்தது. அடுத்தது 2028-ல். அதற்கும் வரச் சொல்லிவிட்டார். அப்போது கும்பகோணத்தில் ரூம் கிடைப்பது குதிரைக் கொம்பு, உங்களுக்கு அங்கே அத்தை இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்!