கல்லிடம் கற்ற பாடம்

பாடத்தில் பின்தங்கும் மாணவனைக் "கற்கால மனிதா!" என்று கடிந்துகொள்வது எமது நெடுநாளைய வழக்கம். ஒரே வினாவுக்கு மூன்று முறை பிழையாக விடையளித்த மாணவன் ஒருவனையும் அவ்வாறே ஏசினோம். அவனோ தலைகுனியாமல், "அவங்கள் கல்லிலை கத்தி எப்பிடிச் செய்தவங்கள், சேர்?" என்று வினவினான். வரலாறு கற்றுப் பட்டம் பெற்ற எமக்கு விடை தெரியவில்லை.

விடுமுறையிலே செய்து பார்க்கத் துணிந்தோம். கற்பிக்க ஆளில்லை, நூல்களே துணை. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே நுண்கற்கருவிகள் செய்தனர். அவற்றுட் பெரும்பாலானவை படிகக்கல்லாலானவை. ஆகவே நாமும் வெண்படிகக்கல் ஒன்றை ஏந்தி, உருண்டைக்கல்லால் ஓங்கி அடித்தோம். அது நொறுங்கியது. அடுத்ததும் நொறுங்கியது. மூன்றாவது அடி எமது பெருவிரலில் விழுந்தது.

வலிமையன்று, கோணமே முதன்மை என்பது பின்னரே விளங்கிற்று. அடிபடும் விளிம்பு செங்கோணத்திலும் குறுகியதாக இருத்தல் வேண்டும். அடியும் விளிம்பையொட்டியே விழவேண்டும். அதற்குமுன் விளிம்பைக் கரடான கல்லில் தேய்த்து உறுதியாக்காவிடின், சில்லு பெயராது, விளிம்புதான் பொடியும். படிகக்கல்லில் மறைந்திருக்கும் வெடிப்புகளோ எல்லாக் கணக்கையும் குலைத்துவிடும். ஆதலால் அக்காலத்தவர் அதனை மற்றொரு கல்லின்மேல் நிறுத்தி, மேலிருந்து அடித்துப் பிளக்கும் முறையைக் கையாண்டனர். எத்துணை நுண்ணிய அறிவு!

கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும் கைக்குத் தோலுறையும் இன்றி இதில் இறங்கலாகாது. எழும் தூசி நுரையீரலுக்குக் கேடாதலின், திறந்த வெளியிலேயே செய்தல் வேண்டும்.

படிகக்கல்லைச் சிலநாள் ஒதுக்கிவைத்து, போத்தலின் தடித்த அடிப்பாகத்திற் பழகினோம். 1911இல் கலிபோர்னியாவில் வெளியுலகுக்கு அறிமுகமான யாகி இனத்து இஷி என்பவரும் போத்தற் கண்ணாடியில் அழகிய அம்புமுனைகள் செய்தவரே. அவர் கைத்திறன் எமக்கு வாய்க்கவில்லை. எனினும் கை சற்றே பழகியபின் மீண்டும் படிகக்கல்லை எடுத்தோம். விடுமுறை முடியுமுன் கூரிய சில்லொன்று பெயர்ந்து வந்தது, நகத்தளவினது.

பாடசாலை தொடங்கியதும் அதனை அம்மாணவனிடம் கொடுத்தோம். அவன் தாளொன்றை அதனால் மெல்லக் கீறினான், தாள் இரண்டாயிற்று.

"எத்தினை கல்லு உடைச்சனீங்கள், சேர்?"

"அறுபதுக்கு மேல்."

"நான் மூண்டு தரந்தானே பிழைவிட்டனான்!"

வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அச்சொல் எமது நெஞ்சிலே தைத்தது. பிழைவிட எமக்கு ஒரு விடுமுறை முழுவதும் கிடைத்தது. அவனுக்கு நாம் ஒரு நிமிடமும் கொடுத்தோமில்லை.

அந்த ஏச்சு இப்போது எமது வாயில் வருவதில்லை. கற்கால மனிதரை நாம் சற்றே அறிந்துகொண்டோம்.