விளையாடச் சாக்கு எதற்கு?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், சேலையூரைத் தாண்டினால், செம்பாக்கத்துக்கு முன்னால் வருவது எங்கள் ராஜகீழ்ப்பாக்கம். பெயரைப் பார்த்துவிட்டு அரண்மனையைத் தேடாதீர்கள்! விலாசம் சொன்னால் முன்பாதியைக் காதில் வாங்காமல், பட்டணத்துக் கீழ்ப்பாக்கத்தில் போய் நின்றுகொண்டு, "வீடு எங்கே?" என்று போன் செய்யும் உறவுக்காரர்கள் எங்களுக்கு உண்டு. 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் இப்போது நாங்களும் அடக்கம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சிமெண்ட் தரை இருக்கிறது. சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகுவார்கள். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் மாட்டிக்கொண்டு, காலில் சக்கரத்தோடு அவர்கள் வளைந்து போகிற அழகே அழகு! அம்மாக்கள்? சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பை, பையில் தண்ணீர்ப் பாட்டில். ஒரு மணி நேரமும் அப்படியே!

ஒரு நாள் நானும் என் பேரனோடு போய் அந்த வரிசையில் உட்கார்ந்தேன். "நாமும் ஏதாவது விளையாடினால் என்ன?" என்று பேச்சுக் கொடுத்தேன். பக்கத்திலிருந்த பெண் சிரித்துவிட்டாள். "நமக்கென்னங்க விளையாட்டு? பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?"

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. யோசித்துப் பாருங்கள். நம் பெண்கள் விளையாடாமலா இருந்தார்கள்? வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்க வேண்டுமென்று பரமபதம் ஆடினார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பொழுது போக வேண்டுமென்று பல்லாங்குழி ஆடினார்கள். இரண்டு வரிசையில் ஏழேழு குழி, கை நிறையப் புளியங்கொட்டை. குழியில் நாலு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்வது! மலையேறியதுகூட வேண்டுதல் என்ற பெயரில்தான். ஆட்டம் இருந்தது. ஆனால் 'எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் ஆடுகிறேன்' என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை. ஏதாவது ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை பரணிலிருந்து பித்தளைத் தாயக்கட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். சாக்கட்டியால் தரையில் ஏழுக்கு ஏழு கட்டம் போட்டேன். எந்தெந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும் என்பதுதான் மறந்துபோயிற்று! அப்போது கோடியில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியம்மா எழுந்து வந்தார். சாக்கட்டியை வாங்கி மளமளவென்று குறிகளைப் போட்டார்.

"தாயம் விழுந்தாத்தான் காய் உள்ளே இறங்கும். ஒண்ணு, அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தா மறுபடி போடணும். தெரியுதா?"

"எப்போ பாட்டி கடைசியா ஆடினீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. அம்பத்திரண்டு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் யாரும் என்னை ஆட வான்னு கூப்பிடலையே!"

சாதாரணமாகத்தான் சொன்னார். எங்களுக்குத்தான் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

அன்று பாட்டி எங்கள் காய்களை வெட்டித் தள்ளிவிட்டார்! "பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க" என்ற பெண், மூன்றாவது வாரம் எனக்கு முன்னால் வந்து கட்டம் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "எங்களையும் சேர்த்துக்குங்க!"

தாயத்தில் குறி போட்ட கட்டத்துக்கு 'மலை' என்று பெயர். அங்கே இருக்கும் காயை வெட்ட முடியாது. ஒரு நாள் பாட்டி, "நான் மலையேறிட்டேன்!" என்று கை தட்டினார். "நிஜ மலையே ஏறலாமே" என்றாள் ஒருத்தி. அப்படித்தான் திருநீர்மலைக்குக் கிளம்பினோம்.

பல்லாவரத்திலிருந்து மேற்கே போனால் திருநீர்மலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலைமேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். பாட்டி கீழேயே தங்கிவிட்டார். "நின்றவரை நான் பார்த்துக்கறேன். கிடந்தவரை நீங்க போய்ப் பாருங்க!"

காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கியதால் படி சுடவில்லை. மேலே போனதும் தரிசனம் முடித்து, மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதைப் பார்த்தபடி காற்று வாங்கினோம். பிரார்த்தனை எதுவும் பாக்கியில்லை. சும்மா உட்கார்ந்திருந்தோம். எத்தனை சுகம்!

நீங்களும் போவதாக இருந்தால் ஒன்றிரண்டு குறிப்புகள். ஏறும்போது மூச்சு வாங்கும்; ஆனால் முழங்காலுக்குச் சோதனை இறங்கும்போதுதான். ஓரக் கம்பியைப் பிடித்து நிதானமாக இறங்குங்கள். புடவையைச் சற்று உயர்த்திக் கட்டுங்கள். மூட்டுவலி, நெஞ்சு நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே ஏற வேண்டும். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு அறிவுரை. வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி வேக நடை போதும். எங்களுக்குச் செம்பாக்கம் ஏரிப்பக்கம் இருக்கிறது. உங்களுக்கும் பக்கத்தில் ஓர் ஏரியோ குளமோ இல்லாமலா போகும்?

இன்னொன்று. 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்துக்கு முதலில் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அம்மா சுசீலா. அம்மாவுக்கு ஆட்டம் தெரிந்திருந்ததால்தானே பிள்ளைக்கு வந்தது?

ஆனால் 'பிள்ளைக்காக' என்பதும் ஒரு சாக்குத்தான், இல்லையா? அதுவும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்திருக்கிறது, அது போதும். இந்த வாரமே பரணைப் பாருங்கள். தாயக்கட்டை அகப்பட்டால், முதலில் உங்கள் வீட்டுப் பாட்டியை ஆட வரும்படி கூப்பிடுங்கள். எத்தனை வருஷமாகக் காத்திருக்கிறாரோ!