கறுத்தால்தான் கத்தி

ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் ஒரு தாத்தா. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு, இடுப்பு பெல்ட் பையில் ஒரு பேனாக்கத்தி. இந்த இரண்டும் இல்லாமல் அவர் வாசல்படி தாண்டி யாரும் பார்த்ததில்லை. கொட்டைப்பாக்கு சீவ, கொய்யாப்பழம் நறுக்க, பார்சல் சணல் அறுக்க, பேரப்பிள்ளைகளுக்குப் பென்சில் சீவ, எல்லாவற்றுக்கும் அந்தக் கத்திதான்.

போன வருஷம் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் பாக்கு சீவும்போது கத்தி மடங்கிக் கட்டைவிரலில் ஆழமாகப் பட்டுவிட்டது. மூன்று தையல். அன்றைக்குச் சாயங்காலமே மருமகள் கத்தியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ரத்தத்தைத் துடைத்தது அவர்தான்.

தாத்தா ஒரே ஒரு தடவைதான் முணுமுணுத்தார். "ஒரு கொய்யாப்பழத்துக்கு ஆள் தேட வேண்டியிருக்கேம்மா." அப்புறம் கொய்யாப்பழம் கேட்பதையே விட்டுவிட்டார். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் பேசவில்லை.

பேரன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிக் கத்தியை இறக்கிப் பார்த்தான். திறந்து பிடித்தால் அலகு கடகடவென்று ஆடியது. ரிவிட் தேய்ந்துபோயிருந்தது. முதுகு ஸ்பிரிங் செத்துப்போயிருந்தது. முனை மொண்ணை. வெட்டாத கத்தியை அழுத்தித்தான் வெட்ட வேண்டும், அழுத்தினால் வழுக்கும், வழுக்கினால் மடங்கும். கையைக் கிழித்ததில் நடுக்கத்துக்குப் பாதிப் பங்கு, கத்திக்குப் பாதிப் பங்கு. நல்ல கத்தி ஒன்று வாங்கிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று கிளம்பினான்.

முதல் தடவை எல்லோரும் செய்யும் தப்பைத்தான் அவனும் செய்தான். காந்தி மார்க்கெட் பக்கம் பிளாட்பாரத்தில் பளபளவென்று "பதினோரு வேலை" கத்தி. கத்தரிக்கோல், ரம்பம், திருப்புளி, கார்க் திருகி எல்லாம் உள்ளே. அடையவளஞ்சான் வீதியில் ஒயின் பாட்டில் கார்க் கழற்றும் வேலை தாத்தாவுக்கு என்றைக்கு வரப்போகிறதோ! :-) 250 சொன்னதை 150க்குப் பேசி வாங்கினான். ஒரே வாரம். தேங்காய் நார் அறுக்கும்போது அலகு மடங்கி, இந்தத் தடவை பேரனின் விரலில் கீறல்.

இந்த வகைக் கத்திக்கு மூலம் சுவிட்சர்லாந்து. 1890களில் அந்த நாட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி, டப்பா உணவைத் திறக்க ஒரு கருவி என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. மலிவு நகல்களில் கருவிகளின் எண்ணிக்கைதான் வருகிறது, காரணம் வருவதில்லை. தாத்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "வெட்டுறதைத் தவிர பாக்கிப் பத்து வேலையும் பார்க்கும்டா."

அப்புறம்தான், ஒரு ஃபிட்டரிடம் முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று அவனுக்கு உறைத்தது. தாத்தா சொல்லி அனுப்பிய சோதனைகள் இவை. மலிவாகக் கத்தி வாங்கும் யாருக்கும் உதவும்.

ஒன்று, ஆட்டம். முழுதாகத் திறந்து, அலகை இரண்டு விரலால் பிடித்து இடதும் வலதும் அசைக்க வேண்டும். புதுசிலேயே ஆடினால் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

இரண்டு, ஸ்பிரிங். திறக்கும்போதும் மூடும்போதும் "டப்" என்று கெட்டியாக விழ வேண்டும். லாக் உள்ள கத்தி இன்னும் பத்திரம்தானே என்று தோன்றும். ஆனால் பல லாக் கத்திகளில், மூடும்போது உள்ளே இருக்கும் தகட்டைக் கட்டைவிரலால் தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்த நேரம் விரல் அலகின் பாதையிலேயே இருக்கும். நடுங்கும் கைக்கு அது வேண்டாம். லாக் இல்லாத, ஸ்பிரிங் கெட்டியான கத்தி போதும். ஒரே நிபந்தனை, அதை வைத்துக் குத்தவோ நெம்பவோ கூடாது. இழுத்து அறுக்க மட்டும்தான்.

மூன்று, நடு. மூடி வெளிச்சத்தில் பார்த்தால் அலகு கைப்பிடிக்கு நட்டநடுவில் உட்கார வேண்டும். ஒரு பக்கம் உரசினால் முனை சீக்கிரம் கெடும்.

நான்கு, காந்தம். இதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். "காந்தம் ஒட்டினால் அது எவர்சில்வர் இல்லை, துருப்பிடிக்கும்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. தட்டு, டம்ளர் வாங்கும்போது அது ஓரளவு சரி. கத்திக்கு அப்படியே தலைகீழ். சமையல் பாத்திரத்துக்குப் போடும், காந்தம் ஒட்டாத எவர்சில்வரைச் சுடவைத்துத் தோய்த்தாலும் கெட்டிப்படாது, முனை நிற்காது. கத்திக்கென்று இருக்கும் எவர்சில்வர் வகைகள் காந்தத்தில் ஒட்டும். கார்பன் ஸ்டீலும் ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டாத கத்தியைப் பழத்தட்டில் அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம்.

எவர்சில்வரா, கார்பன் ஸ்டீலா? எவர்சில்வரில் குறைந்தது பத்தரை சதவீதம் குரோமியம் இருக்கும். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உருவாகித் துருவைத் தடுக்கும். கார்பன் ஸ்டீலுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் வீட்டுச் சாணைக்கல்லிலேயே சீக்கிரம் கூர் ஏறும். தினமும் கையாளும் ஆளுக்கு, தானே தீட்டத் தெரிந்த ஆளுக்கு, கார்பன்தான் என்றார் தாத்தா.

உலகம் முழுக்க ஏழை விவசாயியின் கத்திக்கு அநேகமாக இதே இலக்கணம்தான். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்ய ஆரம்பித்த கத்தி ஒரு மரப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, அவ்வளவுதான். அதில் அலகைப் பூட்டும் வளையம் 1955இல்தான் சேர்ந்தது. ஜப்பானின் ஹிகோனோகாமியில் ஸ்பிரிங்கே கிடையாது. பிடித்திருக்கும் கட்டைவிரல்தான் பூட்டு. நம் ஊரிலும் ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுத்தாணி, இன்னொரு பக்கம் ஓலை சீவும் கத்தி. இறகுப் பேனாவைச் சீவிய கத்தி இங்கிலீஷ்காரனோடு வந்து பேனாக்கத்தி ஆவதற்கு முன்பே, எழுதுகிறவன் கையில் ஒரு மடக்குக்கத்தி இருந்திருக்கிறது.

இரண்டாவது தடவை அவன் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் வந்து மெயின்கார்ட் கேட்டில் இறங்கி, பெரியகடை வீதி வழியாக நடந்தே மார்க்கெட்டுக்குப் போனான். போர் நினைவு மணிக்கூண்டு தாண்டி, ஒரு இரும்புக்கடை. ஆணி, கீல், அரிவாள், தேங்காய்த் துருவி நடுவே, எண்ணெய் பூசி நியூஸ்பேப்பரில் சுற்றிய மரப்பிடிக் கத்திகள். அலகு மூன்று அங்குலத்துக்குள். ஏழு கத்திகளைத் திறந்து மூடியதில் கடைக்காரர் கடுப்பாகிவிட்டார். "தம்பி, கத்தி வாங்குறியா, பொண்ணு பார்க்கிறியா?" எட்டாவது தேறியது. தொண்ணூறு ரூபாய்.

(போலீஸ் பயம் உள்ளவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகள் ஆயுதப் பட்டியலில் சேர்ப்பது அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை. வீட்டு வேலை, விவசாயத்துக்கானவற்றுக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் விமானத்தில் கைப்பையில் எவ்வளவு சின்னக் கத்திக்கும் அனுமதியில்லை. காலேஜுக்கும் எடுத்துப் போகாமல் இருப்பதே உத்தமம்.)

வாங்கியதோடு கத்தி தயாராகிவிடாது. அதைப் பழக்க வேண்டும். முதலில் மண்ணெண்ணெய்த் துணியால் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்து, சோப்பு போட்டுக் கழுவி, உடனே காயத் துடைத்தார் தாத்தா. ஆணி இருக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஐம்பது தடவை திறந்து மூடச் சொன்னார். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் அப்படி ஆகாது.

அடுத்து சாணை. தெருவில் சைக்கிள் சக்கரம் சுற்றி வருகிறவரிடம் கொடுத்தால் ஐந்து நிமிஷ வேலை. ஆனால் மெல்லிய அலகு வேகச் சக்கரத்தில் சூடேறி நீலம் பூத்துவிட்டால் அந்த இடத்தில் கெட்டித்தன்மை போய்விடும். ஆகவே வீட்டுக் கல்தான். ஒரு பக்கம் கரடு, ஒரு பக்கம் நைஸ். 20 டிகிரி சாய்வு என்று புத்தகம் சொல்லும். கோணமானி வைத்தா தீட்ட முடியும்? அலகு 2 சென்டிமீட்டர் அகலம் என்றால், முதுகு கல்லிலிருந்து 7 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 20 டிகிரி. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும். அது முனை நெடுகத் தட்டுப்பட்டால்தான் பக்கம் மாற்ற வேண்டும். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்பக்கமாக இழுத்தால் பிசிறு போய்விடும். நியூஸ்பேப்பர் ஓரத்தை இழுபடாமல் அறுத்தால் போதும்.

மூன்றாம் நாள் அடுத்த பிரச்சினை. யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்துவிட்டார்கள். அலகு முழுக்கச் சாம்பல் திட்டு. "தொண்ணூறு ரூபாய்க்கு இதுதான் வரும்" என்று அம்மா சிரித்தார். பேரன் சபீனா போட்டுக் கம்பி நாரால் தேய்தேய் என்று தேய்த்துப் பளபளப்பாக்கினான். மறுநாள் காலையில் செந்நிறத் துரு!

கடைக்காரரிடம் சண்டை போடத்தான் மறுபடி மார்க்கெட் போனான். போகிற வழியில் வாழை இலை விற்கிற அம்மா, கட்டை இலையை நுனி இலையாக நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த கத்தி மை பூசியதுபோலக் கறுப்பு. முனை மட்டும் வெள்ளிக்கோடு. துரு இல்லை. "அதைத் தேய்க்க மாட்டீங்களாக்கா?" என்று கேட்டான். "கறை போனா துரு வரும், தம்பி. கறை இருந்தா கத்தி இருக்கும்."

அவர் சொன்னதுதான் வேதியியல். வாழைக்கறையில், கொட்டைப்பாக்கில், தேநீரில் எல்லாம் டானின் வகைப் பொருள்கள் இருக்கின்றன. அவை இரும்போடு சேர்ந்து கறுப்பாகப் படிகின்றன. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே சங்கதி. செந்துரு பொரிந்து உதிர்ந்து உள்ளே அரித்துக்கொண்டே போகும். இந்தக் கறுப்பு ஒட்டிக்கொண்டு மேலே நிற்கும். துருவை முழுதாகத் தடுக்காது, ஆனால் நன்றாகவே தாமதப்படுத்தும். "கறை நல்லது" என்று ஒரு சோப்புத்தூள் விளம்பரம் வந்ததே, அது துணியைவிடக் கார்பன் ஸ்டீலுக்குத்தான் பொருந்தும்.

கடைக்காரர் சண்டையிலிருந்து தப்பினார். பேரன் ஒரு வாழைத்தண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். தண்டை நறுக்கி நறுக்கி அலகை அந்தக் கறையிலேயே கொஞ்ச நேரம் விட்டு, கழுவி, காயத் துடைத்து, எண்ணெய் தடவி... இரண்டு வாரத்தில் சாம்பல், நீலம், பழுப்பு, கடைசியில் கறுப்பு.

அம்மாவிடம் பேச்சுவார்த்தைதான் கடைசிக் கட்டம். கையில் பிடித்து வெட்டக் கூடாது, பலகையில் வைத்துத்தான் வெட்ட வேண்டும். பாக்கு சீவுவதற்குப் பதில் சீவல் பாக்கெட். தாத்தா இரண்டாவது நிபந்தனைக்கு முகத்தைச் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அவர் கொய்யாப்பழத்தை நான்காக நறுக்க ஐந்து நிமிஷம் ஆனது. அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் துண்டு அவருக்குத்தான் வந்தது.

கை நடுக்கம் குறையவில்லை, குறையப்போவதும் இல்லை. ஒருநாள் இந்தக் கத்தியும் அவருக்கு முடியாமல் போகும். அன்றைக்கு அதை அவரே மடக்கிப் பேரனிடம் கொடுக்கட்டும். அதுவரை பரணுக்கு வேலையில்லை.