மணல் நிரப்பிய குழாய்

வெறும் இரும்புக் குழாயை வளைத்தால் உட்புறம் மடிந்து நசுங்கிவிடும். அயல்வீட்டுக் காக்கா காய்ந்த மணலை இறுகத் தட்டி நிரப்பி, இரு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, சிரட்டைக் கரியில் சிவக்கக் காய்ச்சி வளைக்கிறார். மணலில் ஈரமிருந்தால் நீராவி முட்டி அடைப்பு வெடிபோல் தெறிக்கும். அதனால் முதலில் வறுத்தெடுக்கிறார். (அது மா வறுக்கும் சட்டி என்று அவர் மனைவி சண்டை பிடித்தது தனிக்கதை.) குழாயின் நெடுக ஓடும் ஒட்டை வளைவின் பக்கவாட்டில் வைப்பார், இழுபடுவதும் நெரிபடுவதும் அங்கேதான் குறைவு.

நடக்க இயலாத மகளுக்கு, கையால் சுழற்றியோட்டும் மூன்று சில்லு வண்டி அது. அவள் என் வகுப்பு மாணவி.

நாகம் பூசிய தண்ணீர்க் குழாயும் கொஞ்சம் சேர்த்திருக்கிறார். பூச்சை அராமல் வெல்டிங் பிடித்தால் வெள்ளைப் புகை எழும், இரவில் குளிர்காய்ச்சல். பால் குடித்தால் சரி என்பார்கள் பட்டறைப் பொடியன்கள். நான் நம்புவதில்லை. அந்தப் புகையைச் சுவாசிக்காமலிருப்பதே மருந்து.

முதலில் பொட்டுப் பொட்டாக ஒட்டி, நூல் பிடித்து அளந்து, பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சமாக நிரப்புகிறார். ஒரே பக்கமாக ஓட்டினால் ஆறும்போது சட்டம் கோணிவிடும்.

"சேர், இந்தக் கிழமைக்குள்ள முடிச்சிருவன். ஸ்கூல் வாசல்ல மூணு படி இரிக்கே, அதுக்கு என்ன செய்ற?" என்றார் நேற்று.

சாய்தளம் கேட்டு நாங்கள் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதிலில்லை. சீமெந்து எத்தனை பை போகுமென்று அவரே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.