நார்மல்

சென்னையில் கர்ப்பிணியின் காதில் அதிகம் விழும் சொல் 'நார்மல்'. மயிலாப்பூரில் நான் செக்கப்புக்குப் போன டாக்டர் ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வார். இடுப்பு விட்டுப்போகிறது. நார்மல். ராத்திரி மூன்று மணிக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. நார்மல். நெஞ்செரிச்சல்? "அதுவும் நார்மல்தாம்மா."

சொந்தக்காரர்கள் வாயில் அதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. "நார்மலா ஆயிடும், பயப்படாத" என்றால் கத்தி வைக்க மாட்டார்கள் என்று பொருள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தியா முழுமைக்கும் 21.5தான். ஆக, அந்த நார்மல் இங்கே பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான்.

பயப்படாதே என்பதோடு நிறுத்தினால் பரவாயில்லை. "நீ பயந்தா குழந்தைக்கு ஆகாது" என்பார்கள். அதுவரை ஒரு பயம், அதற்கப்புறம் இரண்டு.

என் வேலையில், நடுராத்திரி வரும் அலர்ட்டை 'நார்மல்' என்று எழுதி மூடிவிட முடியாது. ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். உடம்புக்கும் காரணங்கள் இருக்கின்றன. பிரசவத்துக்கு இடம் கொடுக்க, ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளைக் கட்டிவைத்திருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. இரைப்பையின் வாயை மூடும் தசையும் சேர்ந்து தளர்வதால் சாப்பிட்டது எதுக்களிக்கிறது. கருப்பையைத் தாங்கும் நார்கள் இழுபட்டிருப்பதால், தும்மினால் அடிவயிற்றில் சுருக்கென்கிறது. இதெல்லாம் தெரிந்ததால் வலி குறையவில்லை. ஆனால் மாடிப்படியில் நின்று 'என்னமோ ஆயிடுச்சு' என்று நினைப்பது நின்றது.

டாக்டர் சொல்லாத இன்னொன்றை எதிர்வீட்டுப் பாட்டி சொன்னார். முப்பத்தேழு வாரம் முடிந்த பிறகு ஒருநாள் வயிறு கல் மாதிரி இறுகியது. "சூட்டு வலி கண்ணு. சீரகத் தண்ணி குடிச்சிட்டு ஒருக்களிச்சுப் படு. விட்டுட்டா சூட்டு வலி. விடாம, நேரம் வெச்சு வந்தா பிள்ள வலி." 1872இல் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் எழுதிவைத்ததால் மருத்துவத்தில் இதற்கு அவர் பெயர். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் பாட்டி சொன்ன பரிசோதனை சரி. (முப்பத்தேழு வாரத்துக்கு முன்னால் நேரம் வைத்து வந்தால் சீரகத் தண்ணீரை நம்பி உட்காரக் கூடாது.) பாட்டியிடம் கடுப்பு, குடைச்சல், இழுப்பு, குத்தல், பிடிப்பு எல்லாம் தனித்தனி. என் ஆஸ்பத்திரி ஃபைலில் 'வலி: உண்டு' மட்டும்தான்.

வலியைச் சொல்லவே ஆள் இல்லாத காலமும் இந்த ஊரில் இருந்தது. ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே அவதிப்பட்ட பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, இங்கே வக்கீலாக இருந்தவரின் மனைவி மேரி ஷார்லீப் 1875இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1885இல் அவர் முயற்சியில் தொடங்கியதுதான் திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி. பழைய ஆட்களுக்கு இன்னும் அது கோஷா ஆஸ்பத்திரி.

எது நார்மல் இல்லை என்பதை நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ரத்தப்போக்கு, தண்ணீர் கசிவு, விடாத தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குவது, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைவது. இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தேன்.

கடைசியாகச் சொன்னது வந்தது, தி.நகரில் புடவை எடுத்து வளைகாப்பு முடித்த மறுநாள். ராத்திரி ஒன்பதாகியும் வழக்கமான உதை இல்லை. கை நிறைய கண்ணாடி வளையல். "அலைச்சல்ல குழந்தையும் தூங்கும், காலைல பாக்கலாம்" என்றார் அத்தை. கிளம்பினோம். லஸ் பக்கம் மெட்ரோ தோண்டல், ஆட்டோ ஊர்ந்தது. அடிவயிற்றில் கையை வைத்து எண்ணிக்கொண்டே போனேன். எண்ண ஒன்றும் வரவில்லை.

பெல்ட் கட்டிய இரண்டாவது நிமிஷம் மெஷினில் குதிரை ஓடுகிற மாதிரி சத்தம். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது நிமிஷத் தாளைப் பார்த்த டியூட்டி டாக்டருக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். "நல்லா இருக்கு. நாளைக்கே மறுபடி இப்படித் தோணினாலும் வாங்க, யோசிக்காதீங்க" என்றார். நார்மல் என்று சொல்லவில்லை.