வௌவால் எச்சமும் வெறும் புழுதியும்

பூச்சிகளைப் பார்ப்பதற்காகவே குகைக்குள் போனவர்கள் உண்டா? உண்டு! 1922ல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஸ்டான்லி கெம்ப்பும் சோப்ராவும், இன்றைய மேகாலயாவில் காரோ மலையில் உள்ள சிஜு குகைக்குள் சென்று அங்கே வாழும் உயிரினங்களைச் சேகரித்தார்கள்.

குகைக்குள் வெயில் இல்லை, செடி இல்லை. பூச்சிகள் எதைத் தின்னும்? வௌவால்கள் இரவில் வெளியே போய் இரை தின்றுவிட்டு, உள்ளே வந்து எச்சமிடுகின்றன. பல பூச்சிகளுக்கு அதுதான் சோறு! சுவர்க்கோழி இனத்துக் குகைப்பூச்சிகள் கும்மிருட்டில் நீண்ட உணர்கொம்பால் தடவித் தடவி நடக்கின்றன. வௌவாலை விரட்டினால் இவற்றுக்கும் பட்டினிதான்.

முதலிபாளையத்தில் இருப்பவர்கள் இதற்காகக் குகை தேடி அலைய வேண்டாம். மழை படாத சுவரோரப் புழுதியில் புனல் மாதிரி சின்னக் குழிகள் தெரியும். அடியில் குழியானை காத்திருக்கும். எறும்பு சறுக்கினால் மண்ணை வாரி வீசும். தாடையால் கவ்விச் சாறு உறிஞ்சும். பின்னாளில் இறக்கை முளைத்து, பார்க்கத் தும்பி போலவே பறக்கும்!

அந்தப் புழுதியில் சிமெண்ட் பூசிவிட்டால் குழியும் இல்லை, குழியானையும் இல்லை. நாம் அசிங்கம் என்று ஒதுக்குவதுதான் ஒரு பூச்சிக்குச் சோறு, இன்னொன்றுக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் குந்தி உட்கார்ந்து பாருங்கள் நண்பர்களே... தோண்டாமல்!