‘வெட்டிருவோம்’ என்றால் யார்?

பிபிஎம்என் என்ற குறியீட்டு முறையின் இரண்டாம் பதிப்பு 2011 ஜனவரியில் வெளியானது. ஒரு நிறுவனத்தில் வேலை எந்த வரிசையில் நடக்கிறது என்பதை வட்டம், கட்டம், டைமண்டு, அம்புக்குறி வைத்து வரைகிற முறை அது. அதே மாதக் கடைசியில்தான் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பனியன் கம்பெனிகளுக்கு ஈஆர்பி எழுதிப் பிழைக்கிற எனக்கு இரண்டும் சேர்ந்துதான் ஞாபகம் வரும். சாயத்துக்குத் துணி வெளியூர் போக ஆரம்பித்த பிறகு, எந்த லாட் எந்த நிறத்தில் திரும்பி வரும் என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது.

முதலிபாளையத்தில் ஒரு கம்பெனிக்காகக் கட்டிங் பகுதியைப் படமாக வரைந்துகொண்டிருந்தேன். மாஸ்டர் சொல்வதை எழுதிக்கொண்டு, பிறகு அதைப் படமாக்குவது என் வழக்கம். “துணி வந்தா எடை போட்டு, டயா பாத்து, விரிச்சு, ஆறப்போட்டு வெட்டிருவோமுங்க” என்றார். தமிழ் வினையெச்சத்துக்குக் கோயில் கட்டலாம். வேலையின் வரிசை அப்படியே வந்து விழுகிறது. (பின்னல் துணி ரோலில் இழுபட்டிருக்கும். ஆறப்போடாமல் வெட்டினால் சட்டை அளவு சுருங்கிவிடும்.) சிக்கல் மற்ற இரண்டு சொற்களில். ‘வந்தா’ என்றால் வந்தவுடனா, ஒருவேளை வந்தாலா? முதலாவதுக்கு வட்டம். இரண்டாவதுக்கு டைமண்டு, கூடவே வராவிட்டால் என்ன என்று இன்னொரு அம்பு. அப்புறம் அந்த ‘ஓம்’. படத்தில் ஒவ்வொரு கட்டமும் யாரோ ஒருவருடைய பாதையில் உட்கார வேண்டும். ‘ஓம்’ யாருடைய பாதை?

எழுத்தையும் படத்தையும் இணைக்கும் ஆராய்ச்சி வெளியே நிறைய நடந்திருக்கிறது. 2011-இல் ஃப்ரீட்ரிஹ், மெண்ட்லிங், பூல்மன் மூவரும் ஆங்கில உரையிலிருந்து படம் உண்டாக்கும் முறையை வெளியிட்டார்கள். எனக்குப் பயன்பட்டது 2015-இல் வான் டெர் ஆ, லியோபோல்ட், ரெய்யர்ஸ் எழுதியது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் படத்தில் ஒரு ஜோடியைத் தேடுவது. ஜோடி இல்லாததையும் வரிசை மாறியதையும் சந்தேகிப்பது. தமிழுக்கு மென்பொருள் எதுவும் என்னிடம் இல்லை. பென்சிலால் வாக்கியங்களுக்கு எண் போட்டு, அதே எண்ணைக் கட்டங்களிலும் எழுதினேன்.

ஒரு வாக்கியத்துக்கு ஜோடியே இல்லை. ஏற்கெனவே சுவரில் ஒட்டியிருந்த ஆடிட் படத்தில் ‘ஷேடு சரியா?’ என்று ஒரு டைமண்டு. ஆமாம் என்றால் கட்டிங், இல்லை என்றால் சாயப்பட்டறைக்குத் திருப்பு. மாஸ்டர் சொன்னதோ வேறு: “கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா அந்த லாட்டைத் தனியா வெட்டி, தனி பண்டலாக் கட்டிருவோமுங்க. பாடியும் கையும் ஒரே லாட்ல இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?” கப்பல் தேதிக்குள் சரக்குப் போவது பாதி இந்த மூன்றாவது வழியால்தான்.

“படம் சிம்பிளா இருக்கட்டும் தம்பி, ஆடிட்டர் பாக்கத்தானே” என்றார் மேனேஜர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறொரு கம்பெனியில், பையர் போட்ட டெபிட் நோட்டுக்காகத் துணி செக்கிங் பெண்களின் கூலியைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். படத்தில் ‘திருப்பு’ என்று இருக்கிறது, நீ ஏன் விட்டாய்? வாயால் சொன்னவர்கள் யாரும் அந்த நேரத்தில் பேசவில்லை. படம் இங்கிலீஷில் இருந்தது. அந்தப் பெண்களிடம் யாரும் அதை ஒருமுறைகூட வாசித்துக் காட்டியதில்லை.

அதனால் மூன்றாவது அம்பையும் வரைந்தேன். எண் போட்ட தமிழ் வாக்கியங்களைப் படத்தின் கீழேயே அச்சடித்து, கட்டிங் டேபிள் பக்கத்தில் எல்லோரும் நிற்கும்போது சத்தமாக வாசித்தேன். ‘தனி லாட் முடிவு’ என்ற கட்டம் செக்கிங் பாதையில் இருந்தது, அந்த ரெஜிஸ்டர் அவர்களிடம் இருப்பதால். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, “இதுல புள்ளைங்க கையெழுத்து வேண்டாந் தம்பி. என்னுதப் போடுங்க” என்றார்.